பிளாக் சபாத்தின் முதல் ஆல்பத்தை இசைத்தட்டில் கேட்க: முழுமையான வழிகாட்டி

ஊசி தட்டில் இறங்கியதும் முதலில் லேசான சரசரப்பு. அதோடு சேர்ந்து மழை பெய்யத் தொடங்கும். எது தட்டின் பள்ளத்தில் ஊசி உரசும் சத்தம், எது மழைச் சத்தம் என்று சில நொடிகளுக்குப் பிரித்தறிய முடியாது. அப்புறம் தூரத்தில் இடி, ஒரு தேவாலய மணி. அரை நிமிடத்துக்கு மேல் இப்படியே போய், திடீரென்று கிட்டாரும் பேஸும் டிரம்ஸும் ஒரே அடியாக வந்து விழும். பிளாக் சபாத் என்ற இசைக்குழுவின் முதல் ஆல்பத்தில், அதே பெயருள்ள முதல் பாட்டு இப்படித்தான் தொடங்குகிறது. போனில் நூறு முறை கேட்டிருந்தாலும், தட்டில் அந்த மழை வரும்போது வேறு மாதிரி இருக்கும். வினைலின் சரசரப்பைக் குறையாக நினைக்காமல், அதைப் பாட்டின் ஒரு பகுதியாகவே ஏற்றுக்கொள்கிற தொடக்கம் இது.

1969 அக்டோபர் 16 அன்று, லண்டன் ரீஜண்ட் சவுண்ட் ஸ்டுடியோவில், பர்மிங்காமிலிருந்து வந்த நான்கு இளைஞர்கள் இதை ஒரே நாளில் பதிவு செய்தார்கள். டோனி அயோமி கிட்டார், கீசர் பட்லர் பேஸ், பில் வார்ட் டிரம்ஸ், ஓசி ஆஸ்பர்ன் குரல். தயாரிப்பாளர் ராட்ஜர் பெய்ன். மேடையில் வாசித்துக்கொண்டிருந்த பாட்டுகளை அப்படியே ஸ்டுடியோவில் வாசித்தார்கள். பிறகு சேர்த்தது கொஞ்சம்தான். 1970 பிப்ரவரி 13, ஒரு வெள்ளிக்கிழமை, வெர்டிகோ நிறுவனம் ஆல்பத்தை வெளியிட்டது. ஒரு நாளில் மூச்சுவிடாமல் வாசித்த இசையை 38 நிமிடம் நாமும் எழுந்து போகாமல் கேட்டால்தான் அதன் முழு உருவம் பிடிபடும். அந்த 38 நிமிடத்தில் கருவியோ தூசியோ அதிர்வோ குறுக்கே வராமல் பார்த்துக்கொள்வதற்காகத்தான் கீழே உள்ள அத்தனை ஏற்பாடும்.

முதலில் எந்தத் தட்டு என்று பாருங்கள்

இந்த ஆல்பத்துக்கு இரண்டு முகங்கள் உண்டு. பிரிட்டிஷ் பதிப்பில் இரண்டாம் பக்கம் ‘ஈவில் உமன்’ பாட்டோடு தொடங்கும். அமெரிக்காவில் வார்னர் பிரதர்ஸ் வெளியிட்டபோது அதை எடுத்துவிட்டு ‘விக்கெட் வேர்ல்ட்’ பாட்டைப் போட்டார்கள். மறுபதிப்புகளும் பெரும்பாலும் இந்த இரண்டு வழியில் ஒன்றைத்தான் பின்பற்றுகின்றன. வாங்கும் முன் பின் அட்டையில் இரண்டாம் பக்கத்தின் முதல் பாட்டைப் பார்த்துவிட்டால் போதும். அமெரிக்கப் பதிப்பின் பட்டியலில் ‘வாஸ்ப்’, ‘பேசிக்கலி’, ‘எ பிட் ஆஃப் ஃபிங்கர்’ என்று கூடுதல் தலைப்புகள் இருக்கும். அவை தனிப் பாட்டுகள் அல்ல. மற்ற பாட்டுகளின் முன்னிசைக்கும் இடைப்பகுதிக்கும் வைத்த பெயர்கள். பாட்டு அதிகம் இருக்கிறது என்று நினைத்து அதிக விலை கொடுக்க வேண்டாம்.

வி.ஓ. 6 என்ற எண்ணுள்ள முதல் பிரிட்டிஷ் பதிப்பை எல்லோரும் தேடுகிறார்கள். அதன் முதல் பக்க லேபிளில் பாட்டுப் பெயர் எதுவும் கிடையாது. லேபிள் முழுக்கக் கறுப்பு வெள்ளைச் சுழல் வட்டங்கள். தட்டு சுற்றும்போது கண்ணை உள்ளே இழுக்கிற மாதிரி இருக்கும். அழகான பொருள், ஆனால் விலை ஏகத்துக்கும் போய்விட்டது, நல்ல நிலையில் கிடைப்பதும் அரிது. பழைய தட்டு ஒன்றில் கீறலோடு கேட்பதைவிட, இப்போது வருகிற மறுபதிப்பைப் புதிதாக வாங்கிக் கேட்பதே மேல் என்பது என் கருத்து. சேகரிப்பது வேறு, கேட்பது வேறு.

பழைய தட்டை நேரில் வாங்குவதாக இருந்தால், உறையிலிருந்து எடுத்து, ஒரு விளக்கின் கீழ் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். மெல்லிய மயிரிழைக் கோடுகள் பரவாயில்லை. நகத்தில் தட்டுப்படுகிற கீறல் இருந்தால் வேண்டாம். பிறகு தட்டைக் கண் மட்டத்துக்குக் கொண்டுவந்து விளிம்பைப் பாருங்கள், வளைந்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

கருவிகள்

நாலு பொருள் வேண்டும்: டர்ன்டேபிள், போனோ ப்ரீஆம்ப், ஆம்ப்ளிஃபயர், ஒரு ஜோடி ஸ்பீக்கர். பல டர்ன்டேபிளில் ப்ரீஆம்ப் உள்ளேயே இருக்கும், பின்பக்கம் ஒரு சிறு சுவிட்ச் பார்க்கலாம்.

இந்த ப்ரீஆம்ப் எதற்கு என்று தெரிந்துகொள்வது நல்லது. தட்டில் பள்ளம் வெட்டும்போது தாழ்ந்த ஒலிகளைக் குறைத்து, உயர்ந்த ஒலிகளைக் கூட்டித்தான் வெட்டுகிறார்கள். தாழ்ந்த ஒலியை அப்படியே வெட்டினால் பள்ளம் அகலமாகி, ஒரு பக்கத்தில் இருபது நிமிடம் கொள்ளாது. கேட்கும்போது அந்தக் கூட்டல் கழித்தலை நேர்மாறாகச் செய்து சரிசெய்வது ப்ரீஆம்பின் வேலை. ஊசியிலிருந்து வருகிற, சில மில்லிவோல்ட் மட்டுமே உள்ள சமிக்ஞையைப் பெரிதாக்குவதும் அதுவே. ப்ரீஆம்ப் இல்லாமல் நேராக ஆம்ப்ளிஃபயரில் செருகினால் கீசர் பட்லரின் பேஸ் காணாமல் போய், ஓசியின் குரல் தகரத்தில் தட்டியது போல ஒலிக்கும். உள்ளே ஒரு ப்ரீஆம்ப், வெளியே இன்னொன்று என்று இரண்டும் சேர்ந்துவிட்டால் எல்லாம் உறுமி உடையும். ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும்.

உம்ம் என்று இடைவிடாத இரைச்சல் கேட்டால், டர்ன்டேபிளிலிருந்து வரும் மெல்லிய எர்த் வயர் ஆம்ப்ளிஃபயரில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

பெட்டி மாதிரி மூடி எடுத்துப்போகிற மலிவான பிளேயர்களை இந்த ஆல்பத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். பெரும்பாலானவற்றில் ஊசியின் எடையை மாற்றவே வழியில்லை. தாழ்ந்த ஒலிதான் உயிர் என்று இருக்கிற ஆல்பத்தை அந்தச் சிறு ஸ்பீக்கரில் கேட்பதில் பயனும் இல்லை.

ஊசியின் எடை, கோணம்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் கவனமாகச் செய்வீர்கள் என்றால், அது இதுவாக இருக்கட்டும்.

முதலில் டர்ன்டேபிள் சமதளத்தில் இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பாருங்கள். பிறகு ஊசியின் மூடியைக் கழற்றிவிட்டு, ஊசியைத் தாங்கும் நீண்ட கையான டோன்ஆர்மின் பின்னால் இருக்கிற எடைக்கல்லை மெல்லத் திருகுங்கள். டோன்ஆர்ம் மேலும் போகாமல் கீழும் போகாமல், தராசு முள் மாதிரி அந்தரத்தில் நிற்க வேண்டும். அப்படி நிற்கும்போது எடைக்கல்லை அசைக்காமல், அதன் முன்னால் உள்ள எண் வளையத்தை மட்டும் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவாருங்கள். இப்போது கல்லையும் வளையத்தையும் சேர்த்துத் திருகி, ஊசி பொருந்தியிருக்கும் சிறு பெட்டியான கார்ட்ரிட்ஜைச் செய்த நிறுவனம் சொல்கிற எடைக்கு வையுங்கள். பலரிடமும் இருக்கிற ஆடியோ டெக்னிக்கா வி.எம். 95 ஈ என்றால் 2 கிராம். கை உள்பக்கம் இழுபடாமல் பார்த்துக்கொள்ளும் ஆன்டி ஸ்கேட் என்ற சிறு குமிழையும் அதே எண்ணில் வையுங்கள்.

எடை குறைவாக இருந்தால் தட்டுக்கு நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் எடை போதாத ஊசி, சத்தமான இடங்களில் பள்ளத்தின் சுவரை விட்டு விலகி மறுபடி மோதும். தட்டு கெடுவது அங்கேதான்.

அடுத்தது கோணம். டர்ன்டேபிளோடு வரும், அல்லது அச்சடித்துக்கொள்ளக்கூடிய கோண அட்டையில் ஊசியை வைத்து, கார்ட்ரிட்ஜ் கோட்டுக்கு இணையாக நிற்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கார்ட்ரிட்ஜைப் பிடித்திருக்கும் இரண்டு திருகாணிகளைத் தளர்த்தி, முன்னே பின்னே நகர்த்திச் சரிசெய்யலாம். அரை மில்லிமீட்டர்கூட வித்தியாசம் காட்டும்.

இந்த ஆல்பத்தில் கோணம் இவ்வளவு முக்கியமாவதற்குக் காரணம் இருக்கிறது. தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்ற ஒரே வேகத்தில் சுற்றினாலும், விளிம்பில் ஊசிக்கு அடியில் நொடிக்கு 50 சென்டிமீட்டர் பள்ளம் ஓடுகிறது; லேபிளுக்குப் பக்கத்தில் 20 சென்டிமீட்டர் சொச்சம்தான். அதே இசை குறைந்த இடத்தில் நெருக்கி எழுதப்பட்டிருக்கும். முதல் பக்கத்தில் அந்த நெருக்கடியான இடத்தில் இருப்பது ‘என்.ஐ.பி.’. ஆல்பத்தின் மிகத் தடித்த பாட்டுகளில் ஒன்று. என் தட்டில் அந்தப் பாட்டின் கடைசி இரண்டு நிமிடம் கரகரத்தபோது அச்சுதான் மோசம் என்று இரண்டு மாதம் நம்பிக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோண அட்டையை வைத்துப் பார்த்தால் கார்ட்ரிட்ஜ் உள்பக்கம் திரும்பியிருந்தது. திருகாணியைத் தளர்த்தி நேராக்கினேன். அதே தட்டு, அதே பாட்டு, ஓசியின் ‘ஸ்’ ஒலிகள் தெளிவாக வந்தன. அன்றிலிருந்து எந்த டர்ன்டேபிளைப் பார்த்தாலும் ‘என்.ஐ.பி.’யின் கடைசிப் பகுதியைப் போட்டுத்தான் சோதிக்கிறேன்.

அறை

ஸ்பீக்கரையும் டர்ன்டேபிளையும் ஒரே மேசையில் வைக்காதீர்கள். பேஸின் அதிர்வு மேசை வழியாக ஊசிக்கு வந்து, மறுபடி ஸ்பீக்கருக்குப் போய், ஊளையிடத் தொடங்கும். சோதிக்க ஒரு வழி: தட்டைச் சுற்றவிடாமல் ஊசியை அதன் மேல் இறக்கி, வழக்கமான சத்தத்தில் வைத்து, மேசையை விரலால் லேசாகத் தட்டுங்கள். ஸ்பீக்கரில் டொம்மென்று கேட்டால் மேசையை மாற்றுங்கள், அல்லது அடியில் கனமான கடப்பைக் கல் பலகை ஒன்றை ரப்பர் கால்களோடு வையுங்கள்.

மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். 38 நிமிடம்தான், வியர்த்தாலும் பரவாயில்லை. மேலே சுற்றுகிற விசிறி தட்டின் மேல் தூசியைக் கொட்டிக்கொண்டே இருக்கும். அதன் ஓசையில் தொடக்கத்து மழை கரைந்தும் போகும்.

தட்டைத் துடைத்தல்

கார்பன் ஃபைபர் பிரஷ் ஒன்று போதும். தட்டைச் சுற்றவிட்டு, பள்ளத்தின் போக்கிலேயே பிரஷை வைத்து இரண்டு மூன்று சுற்று, பிறகு மெல்ல விளிம்புக்கு இழுத்து எடுத்துவிடுங்கள். புதுத் தட்டையும் துடைக்க வேண்டும். உறையின் காகிதத் துகளும் நிலைமின்சாரமும் அதில்தான் அதிகம்.

பழைய தட்டு என்றால் ஈரத் துடைப்பு தேவைப்படும். டிஸ்டில்டு வாட்டரில் ரெக்கார்ட் கழுவும் திரவம் சில சொட்டு, மைக்ரோஃபைபர் துணி, லேபிள் நனையாமல் வட்டப் போக்கில். குழாய்த் தண்ணீர் வேண்டாம், அதிலுள்ள உப்பு காய்ந்து பள்ளத்தில் தங்கிவிடும். வீட்டில் தாத்தா காலத்து 78 சுற்றுத் தட்டுகள் இருந்தால் ஆல்கஹால் கலந்த திரவத்தை அதன் பக்கத்தில்கூடக் கொண்டுபோகாதீர்கள். அவை அரக்கால் ஆனவை, ஆல்கஹாலில் கரையும்.

உறையைக் கையில் எடுங்கள்

உறை திறந்து விரியும் வகை. முன்னால் ஒரு பழைய தண்ணீர் ஆலை, காய்ந்த செடிகொடிகள், நடுவில் கறுப்பு உடையில் ஒரு பெண். ஆக்ஸ்ஃபோர்டுஷயரில், தேம்ஸ் கரையிலுள்ள மேப்பிள்டர்ஹம் ஆலை அது, இன்றும் இருக்கிறது. கீஃப் என்ற பெயரில் வேலை செய்த கீத் மெக்மில்லன் எடுத்த படம். அகச்சிவப்பு ஃபிலிமில் எடுத்ததால்தான் இலைகளுக்கு அந்த நோய்ப்பட்ட நிறம். உள்ளே தலைகீழ்ச் சிலுவையும் ஒரு கவிதையும் அச்சாகியிருக்கும். அதைச் சேர்த்தது நிறுவனம், இசைக்குழுவைக் கேட்கவில்லை. இவர்கள் சாத்தானை வழிபடுகிறவர்கள் என்ற பேச்சு பரவ அந்தச் சிலுவையும் ஒரு காரணம்.

முதல் பக்கம்

சத்தத்தை மழையை வைத்து முடிவு செய்யாதீர்கள். மழை மெதுவாக இருக்கிறதே என்று கூட்டினால் அடுத்த அரை நிமிடத்தில் அக்கம்பக்கத்தார் வந்துவிடுவார்கள். வழக்கமாக ராக் கேட்கிற அளவிலேயே விட்டுவிட்டு, லீவரால் ஊசியை இறக்கி, உட்காருங்கள்.

முதல் ரிஃபில், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரியில், மூன்றே சுரங்கள். நம் கணக்கில் சொன்னால் ச, மேல் ச, அப்புறம் பிரதி மத்யமம். கல்யாணியில் அதே மத்யமம் எவ்வளவு குழைவாக இருக்கும்! அங்கே பக்கத்தில் கைகொடுக்க மற்ற சுரங்கள் உண்டு. இங்கே அதைத் தனியாக நிறுத்தி, அயோமி விரலால் அதைத் துடிக்கவைத்துக்கொண்டே இருக்கிறார், போய்ச் சேர இடமில்லாமல். பயம் அந்த இடத்திலிருந்து வருகிறது. கீசர் பட்லர் ஹோல்ஸ்டின் கோள்கள் இசைத்தொகுப்பிலிருந்து செவ்வாய்ப் பகுதியை வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்ததும், அதன் பிறகு அயோமி இந்த ரிஃபோடு வந்ததும் அவர்களே சொன்ன கதை.

அந்த விரலைப் பற்றியும் சொல்ல வேண்டும். அயோமி இடக்கைக்காரர். பதினேழு வயதில், தகடு வெட்டும் தொழிற்சாலையில், வேலையை விட்டு விலகுகிற கடைசி நாளில், இயந்திரத்தில் வலக்கை சிக்கி நடுவிரல், மோதிரவிரல் நுனிகள் போய்விட்டன. கம்பியை அழுத்த வேண்டிய விரல்கள் அவை. இனி கிட்டார் இல்லை என்று அவர் உட்கார்ந்திருந்தபோது, தொழிற்சாலை மேற்பார்வையாளர் ஓர் இசைத்தட்டோடு வந்து, கேள் என்றார். ஜாங்கோ ரெய்ன்ஹார்ட்டின் தட்டு. தீ விபத்தில் இரண்டு விரல்கள் முடங்கிய பிறகும் வாசித்தவர் ஜாங்கோ. அயோமி பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து, மேலே தோல் ஒட்டி, மெல்லிய கம்பிகள் மாட்டி மறுபடி வாசிக்கத் தொடங்கினார். அந்தத் தட்டு அன்று சுழலாமல் இருந்திருந்தால் இந்தத் தட்டு நம் கைக்கு வந்திருக்காது.

நாலரை நிமிடத்துக்கு மேல் பாட்டு திடீரென்று வேகம் பிடிக்கும். பில் வார்ட் ஜாஸ் டிரம்மர்களைக் கேட்டு வளர்ந்தவர். கனத்தை இவ்வளவு துள்ளலாக அடிக்கிறவர் குறைவு. ‘தி விசார்ட்’ பாட்டில் அதைத் தெளிவாகக் கேட்கலாம்: ஓசியின் ஹார்மோனிகா முன்னே போக, பில் இடைவெளி விடாமல் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டே வருவார்.

‘பிஹைண்ட் தி வால் ஆஃப் ஸ்லீப்’ முடிந்ததும் கீசர் தனியாக வருவார். வா வா பெடல் வழியாகப் பேஸ், ஏறக்குறைய பேசுகிற மாதிரி. அது முடிந்து ‘என்.ஐ.பி.’ ரிஃப் தொடங்கும்போது கிட்டாரும் பேஸும் ஒரே வரியை வாசிப்பதைக் கவனியுங்கள். பேஸைப் பின்னணியில் ஒளித்துவைக்காமல் கிட்டாருக்குச் சமமாக நிறுத்தியதால்தான் இந்த இசைக்கு அவ்வளவு கனம். பாட்டின் பெயருக்குப் பெரிய மர்மம் எதுவும் இல்லை. பில்லின் தாடி பேனா நிப் மாதிரி இருந்ததால் வந்த பெயர், நடுவில் புள்ளி வைத்ததும் மர்மமாகிவிட்டது.

திருப்பிப் போடுங்கள்

முதல் பக்கம் ஏறக்குறைய இருபது நிமிடம். ஊசியைத் தூக்கி, தட்டை விளிம்பிலும் லேபிளிலும் மட்டும் தொட்டுத் திருப்பி, பிரஷ் போட்டு, மறுபடி இறக்க அரை நிமிடம் ஆகும். அந்த அமைதியும் தேவைதான். போனைப் பார்க்காதீர்கள்.

‘ஈவில் உமன்’ அவர்களுடைய பாட்டு அல்ல. க்ரோ என்ற அமெரிக்கக் குழுவினுடையது. சிங்கிளாக ஒரு பாட்டு வேண்டும் என்பதற்காகச் செய்தது. இந்த ஆல்பத்தில் எனக்கு ஒட்டாத ஒரே பாட்டு அதுதான். உங்களிடம் அமெரிக்கப் பதிப்பு இருந்தால் இங்கே ‘விக்கெட் வேர்ல்ட்’ வரும். என் காதுக்கு அது பல மடங்கு மேல். அந்தப் பாட்டில் ஒலிப்பது அயோமியின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டார். பதிவின்போது அதன் பிக்கப், அதாவது கம்பியின் அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் பகுதி, பழுதாகிவிட, கையில் மாற்றாக வைத்திருந்த கிப்சன் எஸ்.ஜி.யை எடுத்து மற்றவற்றை வாசித்தார். அவருடைய அடையாளமாகவே ஆகிவிட்ட கிட்டார் அப்படித்தான் வந்து சேர்ந்தது.

‘ஸ்லீப்பிங் வில்லேஜ்’ தொடங்கும்போது காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். அகூஸ்டிக் கிட்டாருக்குப் பின்னால் டொய்ங் டொய்ங் என்று ஓர் ஒலி வரும். கச்சேரிக்குப் போகிறவர்களுக்கு உடனே பிடிபடும்: அது நம் மோர்சிங்கின் மேற்கத்தியச் சகோதரன். நல்ல ஊசியில் அந்தக் கம்பியின் துடிப்பு முழுக்க அடங்கும்வரை கேட்கும்.

அங்கிருந்து ‘வார்னிங்’ பத்து நிமிடத்துக்கு மேல் போகிறது. இதுவும் மற்றவர் பாட்டுதான், எய்ன்ஸ்லி டன்பரின் குழுவினுடையது. ஆனால் நடுவில் அயோமி தனியாக அலைய விட்டிருக்கிற நீண்ட கிட்டார் பகுதி முழுக்க இவர்களுடையது. ஸ்டுடியோவில் இன்னும் நீளமாக வாசித்ததை வெட்டித்தான் இந்த அளவுக்குக் கொண்டுவந்தார்கள். சில இடங்களில் தடுமாறும், சில இடங்களில் ஒரே யோசனையைத் திரும்பத் திரும்பப் பிடித்துப் பார்க்கும். இந்த நேரத்தில்தான் பலர் எழுந்துவிடுவார்கள். எழாதீர்கள். கிட்டார் ஓய்ந்து மற்ற இருவரும் மெல்லத் திரும்ப வந்து, ஓசி மறுபடி பாடத் தொடங்கும்போது, அந்த நான்கு பேரும் ஒரே அறையில் ஒருவரை ஒருவர் பார்த்து வாசித்தது தெரியும்.

முடிந்த பிறகு

ஊசியைத் தூக்கி மூடி போடுங்கள். தட்டைக் காகித உறையில் வைக்காமல், உள்ளே பாலித்தீன் ஒட்டிய உறை வாங்கி அதில் வையுங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் காகித உறை பூஞ்சை பிடிக்கும். அடுக்கும்போது நிமிர்த்தித்தான் அடுக்க வேண்டும், ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைத்தால் வளையும். வெயிலில் நிற்கிற காரில் ஐந்து நிமிடம்கூட விடாதீர்கள். எத்தனை மணி நேரம் ஓடியது என்று ஊசிக்கு ஒரு சிறு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். நீள்வட்ட ஊசி சுமார் 300 மணி நேரம் தாங்கும்.

2025 ஜூலை 5 அன்று பர்மிங்காம் வில்லா பார்க்கில் இதே நான்கு பேரும் கடைசியாக ஒரு மேடையில் ஏறினார்கள். அவர்கள் வளர்ந்த ஆஸ்டன் பகுதியில்தான் அந்த மைதானம். ஓசி நிற்க முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்து பாடினார். அன்று அவர்கள் வாசித்தவற்றில் ‘என்.ஐ.பி.’ இந்த ஆல்பத்தின் பாட்டு. ஜூலை 22 அன்று அவர் இறந்தார். அன்றிரவு நான் விசிறியை நிறுத்தி, தட்டைத் துடைத்து, முதல் பக்கத்தைப் போட்டேன். வெளியே மழை இல்லை, தட்டில் பெய்தது.